அடவும் சுவடும்

பரதத்தின் அடிப்படை அசைவான அடவையும் கேரளப் போர்க்கலையான களரிப்பயட்டின் காலடியான சுவட்டையும் ஒரே உடலில் பழக்கி, அதிலிருந்து புதிய ஆட்டம் படைக்கும் பயிற்சிமுறை இந்தியாவில் 1980களில் துலக்கம் பெற்றது. அதன் முன்னோடிகளுள் முதன்மையானவர் சென்னையில் வாழ்ந்த சந்திரலேகா (1928–2006). காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் பயின்று 1952இல் அரங்கேறிய அவர், பின்னர் நெடுங்காலம் மேடையிலிருந்து விலகியிருந்தார். 1984இல் பம்பாயில் நடந்த கிழக்கு–மேற்கு நடனச் சந்திப்பு அவரை மீண்டும் மேடைக்கு அழைத்து வந்தது. அடுத்த ஆண்டு உருவான 'அங்கிகா'வில் பரதம், களரி, யோகம் மூன்றும் சேர்ந்தன. கதை சொல்வது பின்னுக்குப் போனது. உடலின் ஆற்றல் எங்கிருந்து எழுகிறது என்பதே ஆட்டத்தின் பொருளானது.

இரு கலைகளும் உடலை வேறு வேறு விதமாக வளர்க்கின்றன. பரதத்தின் அடிப்படை அரைமண்டி. முழங்கால்கள் இருபுறமும் விரிய, முதுகு நிமிர்ந்து நிற்கும். பாதம் தரையைத் தட்டித் தாளம் காட்டும். கை, கால், உடற்பகுதி எல்லாம் தெளிவான கோடுகளாகவும் முக்கோணங்களாகவும் அமையும். களரியில் பயிற்சி மெய்த்தாரியில் (உடற்பயிற்சி) தொடங்கி, கோல்தாரி (மர ஆயுதம்), அங்கத்தாரி (உலோக ஆயுதம்), வெறுங்கை என்று வளர்கிறது. யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் என எட்டு விலங்குகளின் நிலைகளை வடிவுகள் என்பார்கள். உடல் தரையோடு தாழ்ந்து, முதுகெலும்பு வளைந்து நெளிய, எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு நொடியில் மாறும். 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்ட குழிக்களரி எனும் பயிற்சிக்கூடத்தின் மண்தரை தாவலையும் வீழ்ச்சியையும் தாங்கும்.

நவீன நடனப் பயிற்சி இவ்விரண்டையும் அப்படியே ஒட்டவைப்பதில்லை. மூச்சுப் பயிற்சியிலும் உடலைத் தளர்த்தும் அசைவுகளிலும் தொடங்கி, களரி நிலைகளில் தொடையும் இடுப்பும் வலுப்பெற்ற பிறகு அடவுக்கு வருகிறது. அடவின் வேகத்தைக் குறைத்து, சொற்கட்டையும் முகபாவத்தையும் நீக்கினால், எடை எந்தப் பாதத்தில் நிற்கிறது, அசைவு இடுப்பில் பிறக்கிறதா தோளில் பிறக்கிறதா என்பது ஆடுபவருக்கே விளங்கும். அதன் பின் தரையில் விழுந்து எழுதல், இன்னொருவரின் எடையைத் தாங்குதல், ஆசிரியர் சொல்லாத அசைவைத் தானே தேடுதல் என்று பயிற்சி விரிகிறது. அரைமண்டியின் விரிவு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் திருப்பினால் முழங்காலுக்குக் கேடு. சிமெண்டுத் தரையில் தாவிப் பழகுவதும் மூட்டைப் பாதிக்கும். அதனால்தான் அதிர்வு தாங்கும் மரத்தளம் இந்தப் பயிற்சிக்கு அடிப்படைத் தேவை.

சந்திரலேகாவின் குழுவில் 1991 முதல் 2001 வரை ஆடிய பத்மினி சேத்தூர், பின்னர் மெதுவான, அலங்காரமற்ற தனி மொழியை அமைத்துக்கொண்டார். ஜெயச்சந்திரன் பாலாழி 1992இல் நிறுவிய பெங்களூர் நடன அமைப்பான ஆட்டக்களரி, இந்தப் பயிற்சியைப் பாடத்திட்டமாக்கியது; பரதத்தையும் களரியையும் எண்ணிம வடிவில் ஆவணப்படுத்தும் பணியையும் மேற்கொண்டது.

பெங்களூரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சேலம், நாமக்கல் சமவெளியில் இத்தகைய பயிற்சிக்கான மூலப்பொருள்கள் தனித்தனியே கிடக்கின்றன. சேலம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் பரதம் பாடமாக உள்ளது. மைதானங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் சிலம்பம் சுழல்கிறது. ஊர்ப்புறங்களில் கட்டை எனும் மர அணிகளைக் கட்டிய கூத்துக் கலைஞர்கள் விடிய விடிய ஆடுகிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஆனாலும் பலருக்கு அது கம்பு வீச்சாக மட்டுமே தெரிகிறது.

நடனத்துக்குத் தேவையானது சிலம்பத்தின் காலடி வரிசை. கம்பு சுழலும்போது கால்கள் இடம் மாறும் ஒழுங்கு, எதிராளியின் தொலைவை அளக்கும் பார்வை, இடுப்பிலிருந்து திரும்பும் விசை ஆகியவை களரிச் சுவடு தரும் பயனையே தரக்கூடியவை. சிலம்ப ஆசானும் பரத ஆசிரியரும் ஒரே மாணவரை ஒரே கூடத்தில் சில ஆண்டுகள் பழக்கினால், கேரளத்துக் களரியை நாடாமலேயே இப்பகுதிக்கான பயிற்சிமுறை ஒன்று அமையும். ஒரு நடனத்துக்காகச் சில வாரம் கம்பு பிடிக்கக் கற்பது அதற்கு ஈடாகாது. அதில் வீச்சு மட்டும் வரும், காலடி படியாது.