கடனும் கொடையும்

கிறிஸ்தவர் ஒருவர் தம் செல்வத்தில் ஒரு பங்கை ஏழைக்கு ஈயும்போது அவர் செய்வது கொடையா, கடனிறுப்பா? சட்டம் பயின்றார்க்கு இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாடு சிறிதன்று. கொடை கொடுப்பவன் விருப்பத்தைப் பொறுத்தது. கடனோ பெறவேண்டியவனுடைய உரிமை. கடமைக்கும் வாங்கிய கடனுக்கும் தமிழில் ஒரே சொல் வழங்குதல் இவ்விடத்து நினைக்கத்தக்கது.

விவிலியம் இவ்வினாவுக்குக் கூறும் விடையைக் கமக்காரரே முதலில் உணர்வர். லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரப்படி, அறுவடை செய்பவன் வயலோரத்தை முற்ற அரிதலாகாது. சிந்திய கதிரைப் பொறுக்குதலுமாகாது. அவை ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியன. 25ஆம் அதிகாரம் இன்னும் ஆழ்ந்து செல்கிறது. விற்ற நிலம் ஐம்பதாம் ஆண்டில் பழைய குடும்பத்துக்கு மீளவேண்டும். ஆகவே விலையும் அவ்வாண்டு வரை எஞ்சியுள்ள விளைச்சல்களின் தொகைக்கேற்பவே கணிக்கப்படும். விற்கப்படுவது விளைவேயன்றி மண்ணன்று! தேசவழமையின் ஒற்றியை அறிந்தவர்க்கு இஃது அந்நியமாகத் தோன்றாது. ஒற்றி பிடித்தவன் வட்டிக்கு ஈடாக விளைவை அனுபவிப்பான், மண் அவனுடையதாகாது. இஸ்ரவேலர் இவ்விதியை எத்துணைக் கைக்கொண்டனர் என்பது அறிஞரிடையே வழக்கிலுள்ளது. விதியின் கருத்தில் வழக்கில்லை: நிலத்துக்கு உடையவர் ஆண்டவரே, ஏனையோர் அதில் தங்கியிருக்கும் குடிகள்.

ஏழையின் மேலாடையை அடகு பிடித்தவன் பொழுது சாயுமுன் அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமென்பதும் அதே வேதத்தின் கட்டளை. போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்நிதிக் கடனிற் சிக்கி, வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் வசூற்காரருக்கு அஞ்சிய பெண்களை நினைப்பவர்க்கு இக்கட்டளை பழங்கதையாகத் தோன்றாது.

ஆதித் திருச்சபையின் தந்தையர் இதனை மூடிமறைத்துப் பேசினாரல்லர். 369ஆம் ஆண்டை ஒட்டிக் கப்பதோக்கியாவில் பஞ்சம் வந்தபோது, பசிலியார் களஞ்சியங்களைப் பூட்டி வைத்த செல்வரை நேர்நின்று கடிந்தார். பெட்டியிற் கிடந்து மட்கும் ஆடை ஆடையற்றவனுக்குச் சொந்தம் என்பது அவர் வாதம். மிலான் ஆயர் அம்புரோசியார் ஆயராகுமுன் சட்டத்தொழில் செய்தவர், மாகாண ஆளுநராயிருந்தவர். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு அரசன் கவர்ந்த கதையை விரித்துரைத்த அவர், ஏழைக்குக் கொடுக்கும் செல்வன் தன் பொருளைக் கொடுக்கவில்லை, ஏழையின் பொருளையே திருப்பிக் கொடுக்கிறான் என முடிபு கூறினார். 1967இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் தமது நிருபத்தில் இக்கூற்றையே எடுத்தாண்டு, தனியுடைமை எவருக்கும் நிபந்தனையற்ற உரிமையன்று என்றார். அதனைப் பொதுவுடைமைக் கட்சியின் கூற்றெனக் கருதி முகஞ்சுளித்த கனவான்கள் அம்புரோசியாரைப் படித்திருக்கமாட்டார்கள் போலும்.

செல்வர் பக்கம் நிற்போர் அனனியாவின் கதையை எடுத்துக்காட்டுவதுண்டு. அவன் காணியை விற்றுப் பணத்தில் ஒரு பகுதியை ஒளித்தபோது, விற்குமுன் காணியும் விற்றபின் பணமும் அவனுடையனவாகவே இருந்தன எனப் பேதுரு கூறுகிறார். எனவே பகிர்தல் கட்டாயமன்று என்பர். வாதம் வலியதே. வற்புறுத்தல் அங்கில்லை என்பதை ஏற்கிறோம். அனனியாவின் குற்றம் பொய்யே. ஆயினும் வழக்கிட்டு அறவிட முடியாமை கடனை அழித்துவிடுமா? காலம் கடந்த கடனுக்காக வழக்குத் தொடுத்தல் இயலாது. இயலாதென்று தெரிந்தும் கொடுத்துத் தீர்ப்பவனையே எமது ஊர்களில் நாணயஸ்தன் என்கிறோம்.

இனி, எம்மிடையே இக்கடன் எங்கே நிலுவையாயுள்ளது? திருநாட்களிற் பொதிச்சோறு வழங்குவதையும், கொடையாளர் பெயரைப் பளிங்கிற் பொறிப்பதையும் நாம் இழித்துரையோம். எமது நோக்கு காணியின்மேலது. வடபுலத்திற் பாடசாலை, ஆலயக் காணிகளும், கொழும்பிலும் இலண்டனிலும் தொரன்றோவிலும் வாழும் வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணிகளின் காணிகளும் பற்றை மண்டிக் கிடக்கின்றன. வேலிக்கு அப்பால், பிறர் நிலத்திற் கூலிக்குக் கொத்தும் குடும்பத்துக்கு ஒரு பரப்புக்கூட இல்லை. இக்காணிகளை எழுதிக் கொடுத்துவிடுமாறு நாம் கேட்கவில்லை. பயிர்செய்ய விடுமாறே கேட்கிறோம்.

இதற்கு உடையார் கூறும் தடை யாது? பத்தாண்டு இருந்துவிட்டால் ஆட்சியுரிமையாற் காணி அவனுடையதாகிவிடும் என்னும் அச்சமே. 1871ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் அவ்வாறு கூறுவது மெய். ஆனால் அது உடையவனுக்கு எதிரான ஆட்சியைப் பற்றியதாகும். உடையவன் அனுமதியோடு உள்ளே வந்தவன், அந்நிலையை வெளிப்படையாக மறுத்தெதிர்த்தாலன்றி, எத்தனை ஆண்டு பயிரிட்டாலும் அவ்வுரிமையைக் கோரமுடியாது. எல்லையும் காலமும் நோக்கமும் குறித்து, அனுமதியை எழுத்தில் அமைத்து இருவரும் ஒப்பமிடுக. நொத்தாரிசு ஒருவரின் அரை நாள் வேலை அது. மாரி மழைக்குமுன் முடித்துவிடலாம்.