கறை படாத கைகள்

மோட்டார் சைக்கிளைப் பற்றித் தமிழ்ச் சங்கத்து மலரிலே எழுதுவதா என்று முகஞ் சுழிப்போர் எம்மிடையே உளர். பாரியின் தேரைப் பற்றி எழுதினால் ஆய்வு. விடுதி வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதினால் விளையாட்டுத்தனம்! அவர்களுக்கான விடையைப் பின்னர் கூறுவேன். இக்கட்டுரை முதற்கண் வழக்காடுவது, மோட்டார் சைக்கிளே தமது பொழுதுபோக்கு என நெஞ்சு நிமிர்த்தித் திரியும் என் நண்பர்களோடும், அண்மைக்காலம் வரை அவர்களுள் ஒருவனாயிருந்த என்னோடுமேயாம்.

எமது பொழுதுபோக்கு எத்தகையது? வாங்கிய வண்டியின் சைலன்சரைக் கழற்றிவிட்டு அதிரும் குழாயொன்றைப் பூட்டுகிறோம். பின்சில்லுக்கு அகன்ற ரயரை ஏற்றுகிறோம். மட்காட்டை வெட்டுகிறோம், கண்ணாடிகளைக் கழற்றுகிறோம். இதற்கு மேம்படுத்தல் என்று பெயரும் சூட்டியுள்ளோம். மேம்பட்டது எது? காபரேற்றர் கொண்ட சிறிய இயந்திரத்தில் சைலன்சரை மாத்திரம் மாற்றி, ஜெற்றை அதற்கேற்ப மாற்றாதுவிடின், எரிகலவையிற் பெற்றோல் குறைந்து இயந்திரம் அளவுமீறிச் சூடேறும். ஒடுங்கிய றிம்மில் ஏற்றிய அகன்ற ரயரின் பக்கங்கள் உள்நோக்கி இழுபட, வளைவில் வண்டி சாயும் முறையே மாறிவிடும். மட்காட் இல்லாத சில்லு பின்னால் வருபவனின் முகத்தில் சேற்றை வாரியிறைக்கும். ஆக, மேம்பட்டது ஓசை ஒன்றே.

இதனை நான் நூல்களிற் படித்து அறியவில்லை. மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், கலகா வீதியின் வளைவொன்றில், என் வண்டி வழுக்கி வீழ்ந்தது. அதிலே புதிய சைலன்சர் இருந்தது. அகன்ற ரயர் இருந்தது. பிறேக் சூக்களோ தேய்ந்து தகடாகியிருந்தன. அச்சைலன்சரின் விலையில் எத்தனையோ சோடி பிறேக் சூக்களை வாங்கியிருக்கலாம். எனக்கு முழங்காலிற் சிராய்ப்பு மட்டுமே. பின்னாலிருந்த நண்பனுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. அவ்வாண்டுப் பரீட்சையை அவன் எழுதவில்லை. அவன் என்னை ஒரு சொல்லும் கடிந்துரைத்ததில்லை. அந்த மௌனமே இக்கட்டுரையை எழுதுவிக்கின்றது. இந்நாட்டிற் பதிவு செய்யப்பட்ட வாகனங்களுள் அரைவாசிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. வீதி விபத்துக்களில் உயிரிழப்போருள் மிகப் பெரிய தொகுதியினரும் அவற்றிற் செல்வோரே. இந்நிலையில், தன் வண்டியின் பிறேக்கைத் திறந்து பாராதவன் அதனைத் தன் பொழுதுபோக்கு என்று சொல்வது வெறும் பாசாங்கு.

விழுந்தெழுந்த பின்னரே ஸ்பனரைக் கையிலெடுத்தேன். அதன்பின்னரே வண்டி என்னோடு பேசத் தொடங்கிற்று எனலாம். கழற்றிய பிளக்கின் முனை இளம் பழுப்பாயின் எரிதல் சீர். கரி படிந்து கறுத்திருப்பின் பெற்றோல் மிகுதி. வெளுத்திருப்பின் காற்று மிகுதி. செயின் தளர்ந்தாற் பல்லைத் தாண்டும். அளவுக்குமேல் இறுகினால் தன்னையும் தாங்கியையும் தேய்க்கும். ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் காண்பவனுக்கு வேண்டிய பொறுமையும் ஐயமும் இங்கும் வேண்டும். ஓட்டும் முறையும் இவ்வறிவோடு மாறுகின்றது. கடுகண்ணாவை இறக்கத்தில் கியரைக் குறைத்து இயந்திரத்தின் தடையாலேயே வேகத்தை அடக்கி இறங்குபவனுக்கு, தொடர்ந்து பிடித்தால் பிறேக் ஏன் சூடேறி வலுவிழக்கும் என்பது தெரியும்.

எம்மவர்க்கு இவ்வறிவு புதிதன்று. ஜப்பானியத் தபால் விநியோகத்துக்கென உருவாக்கப்பட்ட ஹொண்டா எம்.டி. 90 யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளைத் தன்னுடையனவாக்கிக் கொண்ட வரலாற்றை நாமறிவோம். 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் காலத்திற் பெற்றோல் இல்லை, உதிரிப்பாகங்கள் இல்லை. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆகவே, சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடவிட்டனர். புகை கக்கிற்று, கரி படிந்தது, பிளக்கைத் துடைத்துத் துடைத்து ஓட்டினர். நோயாளரும் ஆசிரியரும் விவசாயிகளும் அவ்வண்டிகளிலேயே சென்றனர். மேம்படுத்தல் என்ற சொல்லுக்கு உரியது அதுவே. அதனைச் செய்தோர் கராஜ்களிலும் வீட்டு முற்றங்களிலும் இருந்த சாதாரண மனிதர். அவர்களுள் எவரையேனும் எமது மேடையொன்றில் ஏற்றியுள்ளோமா?

ஏற்றவில்லை. காரணமும் வெளிப்படையானது. செய்யுந் தொழிலைக் கொண்டு மனிதரை மேலென்றும் கீழென்றும் வகுத்த சமூகம் எம்முடையது. சாதியைக் கட்டுரைகளிற் கண்டிக்கும் நாம், எண்ணெய்க் கறை படிந்த கையைக் கண்டால் இன்றும் ஓரடி விலகியே நிற்கிறோம். படித்தவன் வண்டி ஓட்டலாம், கழற்றலாகாது என்னும் எழுதா விதி அந்தப் பழைய நோயின் புதிய முகமன்றோ? பெண்களுக்கு இவ்விதி இரட்டிப்பாகின்றது. ஸ்கூட்டரில் விரிவுரைக்கு வரும் மாணவியரைக் காண்கிறோம். ஒரு பிளக்கைக் கழற்ற அவர்களுக்குக் கற்பித்தவர் எத்தனை பேர்?

பணத்தைக் கொடுத்தால் மெக்கானிக் செய்வார், அவரது பிழைப்பில் நாம் ஏன் கை வைக்க வேண்டும் என்று நண்பர் சிலர் வாதிடுவர். தொழிலை அறிந்தவனே தொழிலாளியை மதிப்பான். கூலிக்குப் பேரம் பேசவும் கூசுவான். இயந்திரத்தைப் பிரிக்கும் வேலை அவருடையதே. செயினுக்கு ஒயில் இடுவதும் பிறேக்கைச் சரிபார்ப்பதும் ஓட்டுபவனின் கடமை. இஃது எளியோர்க்கு எட்டாத ஆடம்பரம் என்போர்க்கும் விடையுண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீளத் திறக்கப்பட்டது. 2022 இன் எரிபொருள் நெருக்கடியில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றரே முதலிற் கிடைத்தது. அக்காலத்தில் பழைய வண்டியைப் பேணத் தெரிந்தவனுக்கு அவ்வறிவு ஆடம்பரமாயிருக்கவில்லை.

இனி, முகஞ் சுழிப்போர்க்கு. புறநானூற்றின் 87 ஆம் பாடலில் ஒளவையார் அதியமானின் ஆற்றலுக்கு உவமை தேடுகிறார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த தேர்ச்சில்லைக் காட்டுகிறார். மன்னனின் பெருமையைச் சொல்ல அப்புலவருக்குத் தச்சனின் கைத்திறன் தேவைப்பட்டது. அப்பாடலைப் பரீட்சைக்கு மனனஞ் செய்யும் நமக்கோ, விடுதிக்கு அருகிலுள்ள கராஜ்காரரின் பெயர்கூடத் தெரியாது!

ஆதலின் ஒன்று வேண்டுகின்றேன். வரும் ஆண்டில் எமது சங்கம் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கட்டும். மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய ஒருவரை அழைத்து, பொன்னாடை போர்த்தி, மேடையில் ஒரு மோட்டார் சைக்கிளையும் நிறுத்தட்டும். அவர் கழற்றிக் காட்டட்டும். மாணவரும் மாணவியரும் கறை படியக் கற்கட்டும். பிறேக் சூவை மாற்றும் பாடம் வருமிடத்து, முன்வரிசையில் நானும் என் நண்பனும் அமர்ந்திருப்போம்.