மதம் கொடுத்த சமாதானம்!

மதம் மனிதனை மனிதனோடு சேர்த்து வைக்கிறதென்றும், அது இல்லாவிட்டால் உலகம் சண்டைக்காடாகிவிடுமென்றும் மதப் பிரசாரகர்கள் சொல்லுகிறார்கள். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் தொழிலாளத் தோழர்கள் இதை நம்புவதற்கு முன், பக்கத்துப் புளியந்தோப்பில் 1921-ல் நடந்த சங்கதியைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்களில் அப்பொழுது ஜாதி இந்துக்கள், முஸ்லிம்கள், ஆதிதிராவிடர்கள் எல்லோரும் ஒரே முதலாளிக்குப் பாடுபட்டவர்கள். வேலைநிறுத்தம் வந்தது. ஆதிதிராவிடரில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். உடனே மூண்டது ஜாதிச் சண்டை. குடிசைகள் எரிந்தன; போலீசார் சுட்டதில் உயிர்கள் போயின; வேலைநிறுத்தமும் முறிந்தது. லாபம் யாருக்கு? முதலாளிக்கே!

அவர்கள் திரும்பியதற்கு வறுமை முதலிய காரணங்கள் இருக்கலாம். ஆனால் குளத்திலும் கோயிலிலும் "எட்ட நில்" என்றவன், மில் வாசலில் மாத்திரம் "கூட நில்" என்றால் யார் நம்புவார்? எட்ட நிற்கச் சொன்னது முதலாளியின் சட்டமா? அல்லவே! மதமும் அதன் சாஸ்திரமுமல்லவா?

அரசியலும் தப்பவில்லை. நீதிக்கட்சித் தலைவர்களே ஆதிதிராவிடர்மேல் பழி சுமத்தினார்கள், எம்.சி. ராஜா 1923-ல் அக்கட்சியை விட்டு விலகினார். பார்ப்பனரல்லாதாரென்று ஒன்றுகூடியவர்களையும் ஜாதி பிரித்துவிட்டது.

ஆகவே தோழர்களே! சங்கத்துக்குச் சந்தா கட்டினால் மாத்திரம் போதாது. சங்கத்தில் தோழன், வீட்டு வாசலில் தீண்டாதவன் என்பது தோழமையாகாது. ஜாதியையும், அதைக் காப்பாற்றும் மதத்தையும் ஒழித்தாலன்றிச் சமாதானம் என்பது வெறும் புரட்டேயாகும்.