ஒன்றுகூட வைக்கவில்லையா?



அண்மையில் பள்ளி விடுமுறைக்கு என் மகள் ஒரு கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்தாள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே உண்டு. நகரும் லயத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்களேன்! குவாந்தானிலிருந்து கடலோரமாகவே வடக்கே போய், டுங்குனைத் தாண்டி, திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரையில் இரவு தங்கினோம்.

நீண்ட மணல்வெளி, சவுக்கு மரங்கள், தென்சீனக் கடலின் அலையோசை. ஆள் அரவமே இல்லை. 1982-இல் நான் பார்த்த அதே கரைதானா இது?

அன்று தோட்டத்து நண்பர்கள் குடும்பத்தோடு ஒரு வேனில், கட்டுச்சோற்றுடன் வந்திருந்தோம். நள்ளிரவில் ஒரு பாறையே கடலை விட்டு எழுந்து வருவதுபோல் அந்த ஆமை வந்தது. மலாய்க்காரர்கள் அதைப் 'பெஞ்யூ பெலிம்பிங்' என்பார்கள். பெலிம்பிங் பழம்போல் முதுகு வரிவரியாக இருக்கும். கெட்டியான ஓடு கிடையாது, தோல்தான். மணலில் குழி பறித்து முட்டையிட்டது. கண்ணில் நீர் வடிந்தது. "பாவம், பிரசவ வலி" என்றாள் என் மனைவி. உடம்பில் சேரும் உப்பைத்தான் அது அப்படி வெளியேற்றுகிறது என்று பிறகு படித்தறிந்தேன்.

நாங்கள் டார்ச் லைட் அடித்தோம், முதுகைத் தட்டினோம். மறுநாள் பாசாரில் ஆமை முட்டை வாங்கித் தின்றோம். மறைப்பானேன்?

1950களில் திரெங்கானு கரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 முறை இவை முட்டையிட்டன. 2000க்குப் பிறகு விரல்விட்டு எண்ணும் அளவுதான். முட்டைகளை நாம் தின்றோம். தாய் ஆமைகள் கடலில் மீன் வலைகளில் சிக்கி மாண்டன. பொரிப்பகங்களில் காத்த முட்டைகளுக்கும் சோதனை வந்தது. மணல் சூடு கூடினால் பெண் குஞ்சுகளே பிறக்குமாம்.

இரவு வெகுநேரம் பேரன் தூங்கவில்லை. "தாத்தா, ஆமை எப்போ வரும்?"

"நாங்க பார்த்தோம்பா. முட்டையைத் தின்னுட்டோம்" என்றேன்.

"எனக்கு ஒண்ணுகூட வைக்கலையா?"

எனக்கு நா எழவில்லை.

பால்மரம் சீவிய நமக்கு இது தெரியாததா? கத்தி ஆழமாக இறங்கினால் இன்று பால் கூடுதலாக வடியலாம். ஆனால் மரம் காயப்பட்டு, மறுபட்டை சரியாக வளராது. நாளைய பட்டையை விட்டுவைத்துச் சீவுபவனே நல்ல தொழிலாளி. கடலுக்கும் அதே கணக்குத்தான்.

திரெங்கானுவில் 2022 முதல் எல்லா ஆமை முட்டை விற்பனைக்கும் தடை உண்டு. பச்சை ஆமைகள் இன்னும் அம்மாநிலக் கரைகளுக்கு வருகின்றன. நீங்கள் போனால் விளக்கடிக்காதீர்கள், அருகே நெருங்காதீர்கள். முட்டையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உங்கள் பேரப்பிள்ளையாவது கேள்வி கேட்காமல், கண்ணாரப் பார்க்கட்டும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.