உத்தியோகம் தந்த பந்து இனி என்ன தரும்?

திருவனந்தபுரம்:

2025-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி ஐ. எம். விஜயன் போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். திருச்சூர் ஸ்டேடியத்தில் சோடா விற்றுக்கொண்டிருந்த பையன், கேரளப் போலீஸ் அணியில் பந்து உதைத்து, இந்திய அணிக்குத் தலைவராகி, மலபார் ஸ்பெஷல் போலீசின் டெபுடி கமாண்டண்டாக உடுப்பைக் கழற்றினார். அதே ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் வந்தது. இடையில் வேலையை விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்கும் பஞ்சாபுக்கும் கிளப் ஆட்டம் ஆடப் போனவர்தான். ஆட்டம் ஓய்ந்தபின் இலாகா அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

இது நடந்து மூன்று மாதம் ஆகவில்லை. ஜூலை 11-ந் தேதி, நாட்டின் மிகப் பெரிய கால்பந்துப் போட்டியான இந்தியன் சூப்பர் லீக் நிறுத்தி வைக்கப்படுவதாக அதை நடத்தும் நிறுவனம் அறிவித்தது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துடன் 2010-ல் செய்துகொண்ட 15 ஆண்டு ஒப்பந்தம் டிசம்பரில் முடிவதாக இருந்தது. புது ஒப்பந்தம் அமையவில்லை. ஆகஸ்டில் பெங்களூரு, சென்னைக் கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தி வைத்தன. போட்டியை நடத்த நவம்பரில் டெண்டர் கேட்டபோது ஒருவர்கூட முன்வரவில்லை. கடைசியில் மத்திய அரசு தலையிட்ட பிறகே 2026 பிப்ரவரியில் போட்டியைத் தொடங்குவதென்று முடிவாயிற்று.

விஜயன் ஏறிய ஏணி ஒன்று. இன்றைய இளைஞனுக்குக் காட்டப்படும் ஏணி வேறு. வரும் இருபது முப்பது ஆண்டுகளில் கால்பந்து எப்படி மாறும் என்ற கேள்விக்குக் கேரளத்தைப் பொறுத்தவரை பதில் இந்த இரண்டு ஏணிகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

கம்பெனிகள் வளர்த்த ஆட்டம்

கேரளம் முதன்முதலில் சந்தோஷ் டிராபியை வென்றது 1973 டிசம்பரில், எர்ணாகுளத்தில். இறுதி ஆட்டத்தில் ரயில்வே அணியை 3-2 என்ற கணக்கில் தோற்கடித்தது. மூன்று கோலையும் போட்டவர் அணித் தலைவர் மணி. அவர் ஆலுவாயில் உள்ள ஃபாக்ட் உரக் கம்பெனியின் ஆட்டக்காரர். வென்றவர்களும் வேலையில் இருந்தவர்கள், தோற்றவர்களும் வேலையில் இருந்தவர்கள். அந்தக் காலத்துக் கால்பந்து அதுதான்.

திருவனந்தபுரத்தில் டைட்டானியம், ஸ்டேட் பாங்க் ஆப் திருவாங்கூர், ஏஜீஸ் ஆபீஸ், மின்சார வாரியம் என்று அணிகள் இருந்தன. எண்பதுகளில் போலீஸ் அணி வந்தது. சத்யன், விஜயன், பாப்பச்சன், ஷரஃபலி ஆகியோர் ஆடிய அந்த அணி 1990-லும் 1991-லும் ஃபெடரேஷன் கோப்பையை அடுத்தடுத்து வென்றது. கல்கத்தா, கோவா கிளப்புகளை ஒரு காவல்துறை அணி பின்னுக்குத் தள்ளியது.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் எளியது. ஆட்டக்காரன் பெயர் மஸ்டர் ரோலில் இருக்கும். பயிற்சிக்கும் போட்டிக்கும் விடுப்பு உண்டு. கால் தளர்ந்தபின் மேஜையும் நாற்காலியும் காத்திருக்கும். அறுபதை நெருங்கினால் பென்ஷன். வீட்டில் அரிசிக்கு வழியில்லாத பையனைக்கூடத் தாய் தகப்பன் மைதானத்துக்கு அனுப்பியதன் காரணம் இதுவே. விளையாட்டுப் பற்று பிறகு வந்தது.

குறையும் இல்லாமல் இல்லை. வேலை உத்தரவு கைக்கு வந்ததோடு பலருடைய ஆட்டம் நின்றுபோயிற்று. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் என்றிருந்த இந்தியா, 1960-க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் ஆடவே இல்லை. பிற நாடுகளில் கால்பந்து முழுநேரத் தொழிலாக மாறியபோது இங்கே அது ஆபீஸ் நேரம் போக மீதி நேரத்தில் ஆடப்பட்டது. அதைச் சொல்லாமல் பழைய காலத்தைப் புகழ்ந்துகொண்டிருப்பது நியாயமாகாது.

இரண்டு படகில் கால்

இரண்டு ஏணிகளும் மோதிக்கொண்ட இடம் இந்த நகரமே. கண்ணூரைச் சேர்ந்த சி. கே. வினீத் திருவனந்தபுரம் ஏஜீஸ் ஆபீசில் விளையாட்டு ஒதுக்கீட்டில் உத்தியோகம் பெற்றவர். கேரளா பிளாஸ்டர்ஸ், பெங்களூரு அணிகளுக்கும் இந்திய அணிக்கும் ஆடினார். ஆபீசுக்கு வந்த நாட்கள் போதவில்லை என்று 2017 மே மாதம் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். விளையாடுவதற்காக எடுக்கப்பட்டவர், விளையாடப் போனதால் வேலை இழந்தார் என்று கேரளமெங்கும் பேச்சாயிற்று. மாநில அரசு வேறு வேலை தர முன்வந்தது. விதி எழுதிய காலத்தில் ஆண்டு முழுவதும் நடக்கும் லீக் என்று ஒன்று இல்லை. கால்பந்து மாறிவிட்டது, லீவ் ரூல் மாறவில்லை.

புதிய ஏணியின் உறுதி எப்படி? 1997-ல் எஃப்.சி. கொச்சின் தொடங்கியபோது இந்தியாவின் முதல் முழுத் தொழில்முறைக் கிளப் என்று பெருமை பேசப்பட்டது. அந்த ஆண்டே டூரண்ட் கோப்பையை வென்றது. 2002-ல் இழுத்து மூடப்பட்டது. 2014-ல் வந்த கேரளா பிளாஸ்டர்ஸ் கொச்சி ஸ்டேடியத்தை மஞ்சளாக்கியது. மூன்று முறை இறுதி ஆட்டத்துக்கு வந்து மூன்று முறையும் தோற்றது.

2024-ல் ஆறு அணிகளுடன் சூப்பர் லீக் கேரளா ஆரம்பமாயிற்று. திருவனந்தபுரம் கொம்பன்ஸ் அணி பிரேசில் பயிற்சியாளருடனும் பிரேசில் ஆட்டக்காரர்களுடனும் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில் இறங்கியது. நல்ல முயற்சி, சந்தேகமில்லை. ஆனால் முதல் ஆண்டுப் போட்டி செப்டம்பர் 7-ல் தொடங்கி நவம்பர் 10-ல் முடிந்தது. இரண்டு மாத ஆட்டம். மீதி பத்து மாதத்துக்கு உள்ளூர்ப் பையன் மலபாரின் செவன்ஸ் போட்டிகளுக்கோ வேறு பிழைப்புக்கோதான் போகவேண்டும்.

உலகம் போகும் வழி

வெளியே ஆட்டம் பெருத்துக்கொண்டே போகிறது. 1982-ல் 24 நாடுகள், 1998-ல் 32 நாடுகள் என்று வளர்ந்த உலகக் கோப்பை, 2026-க்கு 48 நாடுகள், 104 ஆட்டங்கள் என்று விரிக்கப்பட்டது. நடுவரின் கண்ணுக்குத் துணையாக 2018-ல் வீடியோ வந்தது. 2022-ல் ஆஃப்சைடைக் கணிக்கக் கம்ப்யூட்டர் வந்தது. வெயிலுக்காக ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடம் தண்ணீர் இடைவேளை 2026-க்கு விதியாக்கப்பட்டது. (விளம்பரக்காரர்களுக்கும் தாகம் தணியும் என்பது வேறு விஷயம்.)

ஆசியாவுக்கு முன்பு நான்கரையாக இருந்த இடங்கள் எட்டரை ஆயின. உஸ்பெகிஸ்தானும் ஜோர்டானும் முதன்முறையாகத் தகுதி பெற்றன. சுமார் ஒன்றரை லட்சம் பேரே வசிக்கும் குரசாவோ தீவும் தகுதி பெற்றது. திருவனந்தபுரம் மாநகராட்சியின் ஜனத்தொகை இதைவிடப் பல மடங்கு. இந்தியாவோ 2024 ஜூனில் கத்தாரிடம் 2-1 என்று தோற்று இரண்டாம் சுற்றோடு வெளியேறிற்று. கதவை அகலமாகத் திறந்தால் மட்டும் போதாது, வாசல் வரை நடக்கக் காலில் வலு வேண்டும்.

அந்த வலு எங்கிருந்து வரும்?

கடற்கரைப் பையன்கள்

திருவனந்தபுரம் ஜில்லாவின் தென்கோடியில் பொழியூர். சந்தோஷ் டிராபி ஆட்டக்காரர்களைத் தொடர்ந்து தந்துவரும் மீனவக் கிராமம். அதைத் தாண்டினால் தமிழ்நாடு: நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர். 1956 நவம்பர் 1 வரை இரண்டும் ஒரே ராஜ்யம். கோடு போட்டது சர்க்கார், பந்து அந்தக் கோட்டை மதித்ததில்லை. இந்தக் கரையோரத்தின் மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூர் அணிக்கு ஆடி, பிறகு கல்கத்தா அணியில் 2020-ல் ஐ.எஸ்.எல். பட்டம் வென்றவர். அதே ஆண்டு நவம்பரில் புது சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுவதும் வெளியே உட்கார நேர்ந்தது. ஒப்பந்த ஆட்டக்காரனின் முழங்கால்தான் அவனுடைய மஸ்டர் ரோல். அது போனால் பெயர் போயிற்று.

இந்தப் பையன்களின் மைதானம் மணல். அதற்கும் இப்போது ஆபத்து. பொழியூரில் கடலரிப்பு வீடுகளையும் கரையையும் தின்றுவருகிறது. 2021 மே மாதப் புயலில் சங்குமுகம் சாலை இடிந்தது, வலியதுறைப் பாலம் சேதமடைந்தது. முப்பது ஆண்டில் ஆட்டத்தின் விதிகள் எத்தனை மாறினாலும், இங்கே முதலில் மாறப்போவது ஆடும் தரையே.

நகரத்துக்குள்ளும் நிலை அதிகம் வேறல்ல. 2015 தேசிய விளையாட்டுக்காகக் காரியவட்டத்தில் கட்டிய பெரிய ஸ்டேடியத்தில் 2016 ஜனவரி 3-ந் தேதி இந்தியா ஆப்கானிஸ்தானை 2-1 என்று வென்று தெற்காசியக் கோப்பையைப் பெற்றது. அடுத்த ஆண்டே சர்வதேச கிரிக்கெட் அங்கே நுழைந்தது. இன்று அந்த ஸ்டேடியம் என்றால் ஜனங்களுக்கு நினைவு வருவது கிரிக்கெட்.

செய்யக் கூடியது

வேலை என்ற ஈர்ப்பு செத்துவிடவில்லை. 2018-ல் சந்தோஷ் டிராபி வென்ற அணியில் வேலையில்லாதிருந்த 11 பேருக்குக் கேரள அரசு உத்தியோகம் கொடுத்தது. 2024 டிசம்பர் 31-ந் தேதி கேரளத்தை 1-0 என்று தோற்கடித்துக் கோப்பையை எடுத்துச்சென்ற வங்க அணியினருக்கு அந்த மாநில அரசும் வேலை அறிவித்தது. ஆனால் கேரள அரசின் விளையாட்டு ஒதுக்கீடு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 50 இடம். ஸ்டேட் பாங்க் ஆப் திருவாங்கூர் 2017 ஏப்ரல் 1-ந் தேதி பெரிய பாங்கோடு இணைந்து பெயரே இல்லாமல் போயிற்று. ஆள் எடுப்பதே குறைந்துவரும் காலத்தில் பந்து உதைப்பவனுக்குத் தனி இடம் பெருகும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே இரண்டு ஏணிகளையும் ஒட்டவைப்பதே நடைமுறைக்கு ஒத்த வழியாகத் தோன்றுகிறது. கிளப் ஒப்பந்தம் உள்ள காலத்துக்குச் சம்பளமில்லாத நீண்ட விடுப்பு, ஆட்டம் முடிந்தபின் சீனியாரிட்டி குறையாமல் திரும்பச் சேரும் உரிமை. இந்த இரண்டும் விதியில் ஏறினாலே வினீத் விவகாரம் இன்னொருவருக்கு நேராது. தனியார் லீக்குகள் 12 மாதச் சம்பளமும் காய இன்ஷூரன்சும் இல்லாத ஒப்பந்தத்தைப் பதிவு செய்யக்கூடாது என்று சம்மேளனம் கட்டாயப்படுத்தலாம். இதற்குக் கோடிகள் வேண்டாம். 2025-ல் அர்ஜென்டினா அணியும் மெஸ்ஸியும் கொச்சிக்கு வருகிறார்கள் என்று மாதக்கணக்கில் நடந்த பேச்சு, கடைசியில் அவர்கள் வராமலே முடிந்தது. அதற்குச் செலவான அக்கறையில் ஒரு பங்கு போதும்.

விஜயனுக்குத் திரும்பி வர ஒரு போலீஸ் இலாகா இருந்தது. பொழியூர் மணலில் இன்று மாலை ஆடப்போகும் பையன், இன்னும் பத்து ஆண்டில் ஒரு கிளப்பின் காகிதத்தில் கையெழுத்துப் போடுவான். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டியவர்கள் சம்மேளனத்தாரும் செக்ரடேரியட்டில் உள்ளவர்களுமே.