வெற்றிலைத் தட்டமும் வாய்ப் புற்றுநோயும்

வீட்டுக்கு வந்தவரை வெற்றிலைத் தட்டம் நீட்டி உபசரிப்பது நம்மவரின் பழைய வழக்கம். விவாகமாயினும் வேறு சுபகாரியமாயினும் வெற்றிலை பாக்கின்றி நிறைவு பெறுவதில்லை. அம்மரியாதையைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் தட்டத்தில் உள்ளதை நாள்தோறும் மெல்லுவதால் விளையும் கேட்டை இல்லத்தரசிகள் அறிந்திருத்தல் அவசியம்.

இலங்கையில் பெண்களை அதிகமாகப் பீடிப்பது மார்பகப் புற்றுநோய். ஆண்களை அதிகமாகப் பீடிப்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை போடுதல், புகைபிடித்தல், மதுபானம் ஆகிய மூன்றுமே வாய்ப் புற்றுநோய்க்கு முக்கிய காரணங்கள். வெற்றிலை போடும் பெண்களையும் அது விட்டுவைப்பதில்லை.

“நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குத்தானே!” என்று ஆறுதலடைவோர் பலர். அவ்வாறுதல் பொய்யானது. புகையிலை கலவாத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியுள்ளது. பாக்கு மெல்லுவோர் சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாயை அகலத் திறக்க இயலாமற் போவதுண்டு. அது பிற்காலத்தில் புற்றுநோயாகவும் மாறக்கூடும்.

இந்நோயின் வஞ்சகம் யாதெனில், தொடக்கத்தில் அது பெரும்பாலும் நோவதில்லை. வாயினுள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டுத் தோன்றும். அல்லது ஆறாத சிறு புண் இருக்கும். “சுண்ணாம்பு சுட்டுவிட்டது” என்றெண்ணி மாதக்கணக்கிற் காலங்கடத்துவர். நோவு கண்டு வைத்தியரிடம் செல்லும்போது நோய் முற்றியிருக்கும். ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் சிகிச்சையும் எளிது. குணமடையும் வாய்ப்பும் அதிகம்.

ஆகவே, மாதம் ஒரு முறை கைகழுவி, கட்டுப்பல் இருப்பின் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்திற் கண்ணாடி முன் நின்று உதடு, கன்னத்தின் உட்புறம், பல் முரசு, நாவின் பக்கங்கள், நாவின் அடி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணையோ மறையாத திட்டையோ கண்டால், தாமதியாது பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நெடுநாட் பழக்கத்தை விடுவது கடினமே. பாக்குக்கும் மனிதரை அடிமைப்படுத்தும் இயல்பு உண்டு. முதியவரைக் கடிந்து பயனில்லை. பார்வை மங்கிய பாட்டியாரின் அருகில் அமர்ந்து, “ஆச்சி, ஒருக்கால் வாயைத் திறந்து காட்டுங்கள்” என்று அன்புடன் கேளுங்கள். தட்டம் மரியாதைக்காக இருக்கட்டும், மெல்லுவதற்கு வேண்டாம்.