வரப்போகும் மெட்ரோவுக்கு இன்றே ஏன் விலை கொடுக்க வேண்டும்?

சென்னையில் முதல் வீடு வாங்கத் துணியும் நடுத்தரக் குடும்பத்துக்கு உறவினர்களும் தரகர்களும் சொல்லும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: 'ஊருக்கு வெளியே இப்போதே வாங்கிப் போடுங்கள்; நாளைக்கு மெட்ரோ வரும், சாலை வரும், விலை ஏறும்.' இந்த ஆலோசனையில் ஒரு கணக்கு விடுபட்டுப்போகிறது. நாளைக்கு வரும் என்று ஊருக்கே தெரிந்த மெட்ரோவின் விலையை விற்பவர் இன்றைய சதுர அடி விலையிலேயே சேர்த்துவிட்டார். மெட்ரோ தாமதமானால் அந்தத் தாமதத்தின் செலவு முழுவதும் வாங்கியவர் தலையில் விழும். குடியிருக்க முதல் வீடு தேடுபவர்கள் வசதி வரப்போகும் இடத்தை விட்டுவிட்டு, வசதி ஏற்கெனவே வந்திருந்தும் பெயர் வராத இடத்தைத் தேட வேண்டும் என்பதே என் வாதம். சென்னையில் அப்படிப்பட்ட இடங்கள் இன்னும் இருக்கின்றன.

முதலில் தாமதத்தைப் பார்ப்போம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டிக்கும் பணி 2008இல் தொடங்கியது. மொத்தம் 5 கி.மீ. தூரம்தான். ஆதம்பாக்கம் பக்கம் ஏறத்தாழ அரை கி.மீ. நீளத்துக்கு நிலம் கையகப்படுத்துவதில் எழுந்த வழக்குகளால் அது பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் இழுத்தது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டபோது அங்கே ரயில் நிலையம் இல்லை. ரயிலில் வருபவர்கள் வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 119 கி.மீ. நீளமுள்ள மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் வந்தது. இவை எல்லாம் கடைசியில் வந்து சேரும் திட்டங்கள்தான். ஆனால் வங்கித் தவணை அதுவரை காத்திருக்காது. 8.5% வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 40 லட்சம் ரூபாய் கடன் வாங்கியவர் மாதம் சுமார் 34,700 ரூபாய் கட்ட வேண்டும். முதல் 5 ஆண்டுகளில் அவர் கட்டுவது ஏறத்தாழ 20.8 லட்சம், அதில் அசலில் கழிவது 5 லட்சத்துக்கும் குறைவு. வீட்டுக்காக மிக அதிகமாக வட்டி கட்டும் அந்த ஆண்டுகளிலேயே அந்த இடத்தில் வசதி மிகக் குறைவாக இருக்கிறது. மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா வந்த பிறகு, கட்டுமான நிறுவனம் வீட்டை உரிய தேதியில் ஒப்படைக்கப் பொறுப்பேற்க வேண்டும். வாசலுக்கு வெளியே வர வேண்டிய சாலைக்கும் ரயிலுக்கும் அப்படித் தேதி சொல்லிப் பொறுப்பேற்பவர் யாருமில்லை.

தண்ணீர் இதைவிடக் கடுமையான விஷயம். 2011இல் 42 உள்ளாட்சி அமைப்புகள் சேர்க்கப்பட்டு, சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 சதுர கி.மீ. ஆனது. வரி ரசீதில் மாநகராட்சியின் பெயர் உடனே வந்துவிட்டது. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் அந்த வேகத்தில் வரவில்லை. 2019 கோடையில் நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டபோது, பழைய மாமல்லபுரம் சாலையில் இருந்த சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. அங்கே பல குடியிருப்புகள் லாரித் தண்ணீரை நம்பியே இயங்குகின்றன. வீட்டு விலை குறைவு என்று வாங்கியவர், மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தில் லாரித் தண்ணீருக்கும் கழிவுநீர் லாரிக்கும் காலம் முழுவதும் கட்டிக்கொண்டிருக்கிறார். கோடையில் இப்படி என்றால் ஐப்பசி, கார்த்திகையில் வேறு விதம். முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015இல் மூழ்கின. பள்ளிக்கரணையைச் சுற்றியுள்ள பகுதிகள் 2023 மிக்ஜாம் புயலில் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கும், சுற்றி 1 கி.மீ. வரையிலும், அறிவியல் ஆய்வு முடியும் வரை கட்டுமானங்களுக்கு அனுமதி தரக் கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. சதுப்பு நிலத்தைக் காக்க அந்த உத்தரவு தேவைதான். ஆனால் சேமிப்பை முன்பணமாகக் கொடுத்துவிட்டு அனுமதிக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்கு, வரப்போவதை நம்பி வாங்குவதன் ஆபத்து என்ன என்பதை அது காட்டியது.

சரி, வேறு எங்கே தேடுவது? மின்சார ரயில் ஏற்கெனவே ஓடும் தடங்களில் தேடலாம். கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931இலிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் பழைய, சிறிய அடுக்கு வீடுகள் மறுவிற்பனைக்கு வருகின்றன. அரக்கோணம் தடத்தில் வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி இருக்கின்றன. வில்லிவாக்கத்துக்கும் அண்ணா நகருக்கும் இடையே தூரம் அதிகமில்லை. விலையில் இருக்கும் இடைவெளி பெரிது. பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955இல் வந்தது. அதைச் சுற்றிப் பள்ளிகள், மருத்துவமனை, சந்தை, பல திசைகளுக்கும் பேருந்து என எல்லாம் தலைமுறைகளாக இருக்கின்றன. தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் 2021 பிப்ரவரியிலேயே மெட்ரோ வந்துவிட்டது. தென்சென்னையின் விளம்பரங்களில் 'விரைவில்' என்று எழுதப்படும் மெட்ரோ இங்கே தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. இருந்தும் வீடு தேடும் பலர் வடசென்னை என்ற பெயரைக் கேட்டதுமே பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறார்கள். உழைப்பாளிகள் வாழும் இடம் என்றாலே ரவுடிகளின் இடம் என்று திரைப்படங்களும் வர்க்க, சாதி மனப்பான்மையும் சேர்ந்து பதியவைத்துவிட்டன. அந்தப் பகுதிகளின் விலை குறைவில் ஒரு பங்கு இந்த முன்முடிவால் வந்தது என்றே நான் கருதுகிறேன்.

காற்றையும் கழிவையும் மறந்துவிட்டுப் பேசுகிறீர்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023 டிசம்பரில் மட்டும் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய்க் கசிவும், அதே மாத இறுதியில் அமோனியா வாயுக் கசிவும் நடந்தன. மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளின் நிழலில் வாழும் மக்களுக்கு இந்த நகரம் பெரிய அநீதி இழைத்திருக்கிறது. அதைத் தள்ளுபடி விலை என்று யாருக்கும் விற்கக் கூடாது. குழந்தைகள் உள்ள குடும்பத்தை அந்தத் தொழிற்சாலைகளின் பக்கத்தில் வீடு வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பெரம்பூரும் கொரட்டூரும் எண்ணூர் அல்ல. அதுபோலவே, பழைய பகுதி என்பதாலேயே வெள்ளம் வராது என்றும் இல்லை. புளியந்தோப்பிலும் கொளத்தூரின் சில தெருக்களிலும் மழைநீர் தேங்குவதுண்டு. பகுதியின் பெயரை வைத்து முடிவெடுக்காமல் தெருத் தெருவாகப் பார்க்க வேண்டும். நீண்டகாலமாகக் குடியிருப்பவர்கள் இருக்கும் தெருவில் 2015இலும் 2023இலும் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று கேட்டால் பதில் கிடைக்கும். நேற்று வரை வயலாக இருந்த மனைப்பிரிவில் அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

அண்ணா நகரிலும் வேளச்சேரியிலும் முன்கூட்டியே வாங்கியவர்கள் செழித்தார்களே என்பது அடுத்த வாதம். அண்ணா நகரை வீட்டுவசதி வாரியம் திட்டமிட்டு உருவாக்கியது. சாலையும் பூங்காவும் பள்ளிக்கான இடமும் வரைபடத்திலேயே இருந்தன. அந்த மாதிரி பொதுமுதலீடு முன்னே நிற்கும் இடத்தில் வாங்குவதை நானும் வரவேற்பேன். வேளச்சேரியில் விலை ஏறியது உண்மைதான். கனமழை எச்சரிக்கை வந்தால் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டு வரும் நிலையும் அதே வேளச்சேரியில்தான். ஏறிய விலை விற்கும்போதுதான் கைக்கு வரும். குடியிருக்கும் வீட்டை யாரும் எளிதில் விற்பதில்லை. ஏறிய இடங்களின் கதைகள் மட்டும் குடும்பங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. ஏறாமல் கிடக்கும் மனைகளைப் பற்றி வாங்கியவர்கள் வாய் திறப்பதில்லை.

வசதியுள்ள இடத்தில் சதுர அடி விலை அதிகம் என்பதும், கிடைப்பது பழைய கட்டடம் என்பதும் மெய். இதற்கு என் பதில், சிறிய வீடாக வாங்குங்கள் என்பதுதான். 1,100 சதுர அடி புறநகர் வீட்டின் விலைக்கு 700 சதுர அடிதான் கிடைக்கும் என்றாலும், இரண்டாவது இருசக்கர வாகனமும் தினம் மூன்று மணி நேரப் பயணமும் மிச்சமாகும். பழைய சிறு அடுக்ககங்களில், யூடிஎஸ் என்று சொல்லப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்கும் பொதுவாகக் கூடுதல். ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடி மனையில் 4 வீடுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 600 சதுர அடி நிலம். பல மாடிக் கோபுரத்தில் இதில் பாதிகூடத் தேறுவது கடினம். கட்டடம் தேயும், நிலம் தேயாது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம், 2022 நடைமுறைக்கு வந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட வழி இருக்கிறது. முன்பு ஒரே ஒருவர் முட்டுக்கட்டை போட்டால் எல்லாம் நின்றது. வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், அனுமதிபெற்ற வரைபடம், கூடுதலாகக் கட்டிய மாடி ஏதும் உண்டா என்பதை வழக்கறிஞரிடம் கொடுத்துப் பார்ப்பது எந்த வீட்டுக்கும் பொது.

இந்த வழியில் போக விரும்புபவருக்கு அரசே தடையாக நிற்பதுதான் என்னை வருத்துகிறது. 2023 டிசம்பரிலிருந்து, கட்டுமான நிறுவனத்திடம் முதல்முறை வாங்கும் 50 லட்சம் வரையிலான புதிய அடுக்குமாடி வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 4%, பதிவுக் கட்டணம் 2%. அதே விலையில் மறுவிற்பனை வீட்டுக்கு 7%, 2%. 40 லட்சத்துக்கு வாங்கினால் முன்னதற்கு 2.4 லட்சம், பின்னதற்கு 3.6 லட்சம். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு. ஆனால் 45 லட்சத்துக்கு உட்பட்ட சிறிய வீடு என்றால் அது 1%தான். பத்திரச் செலவை வங்கிகள் பொதுவாகக் கடனில் சேர்ப்பதில்லை. பழைய கட்டடத்துக்கு மதிப்பீட்டிலும் அவை கையைச் சுருக்குகின்றன. ஆகவே கையிருப்பு குறைந்த இளம் குடும்பம், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய வீட்டை விட்டு, ஏரிக்கரையில் எழும் புதிய கட்டடத்தை நோக்கித் தள்ளப்படுகிறது. முதல் வீடு வாங்குபவர் 50 லட்சத்துக்குள் மறுவிற்பனை வீடு வாங்கினால் அவருக்கும் அதே 4% தீர்வை என்று அரசு அறிவிக்கலாம். ஒரே ஒரு முறை, குடியிருப்பதற்காக மட்டும் என்று நிபந்தனை வைத்துக்கொள்ளட்டும். வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதைச் செய்யலாம். இதற்குப் புதிய ரயில் பாதையோ குடிநீர்க் குழாயோ அமைக்க வேண்டிய செலவுகூட இல்லை.